ஒரு நாள் விட்டு ஒரு நாள் இருந்தவர்கள்

சாவிக்காரர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இருந்தார். இல்லாத நாட்களில் அவர் வெளியூர் போயிருக்கவில்லை, கடன்காரர்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கவில்லை, போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கிடக்கவும் இல்லை, வெறுமனே இல்லை. செருப்பு வாசலில் இருக்கும், மூக்குக்கண்ணாடி ஜன்னல் விளிம்பில் இருக்கும், அரத்தின் பல்லில் முந்தின நாள் உரசிய பித்தளைத் தூள் இருக்கும், அவர் மட்டும் இருக்கமாட்டார். மறுநாள் காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடங்குவார். தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, குப்பை வண்டி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, சாவிக்காரரும் அப்படித்தான் என்று வைத்துக்கொண்டார்கள். அவர் இருக்கிற நாளாகப் பார்த்துச் சாவியைத் தொலைக்கிற அளவுக்குத் தெரு பழகிப்போயிருந்தது. அவர் இல்லாத நாட்களில் அதே முன்னறையில் அவருடைய மனைவி தையல் இயந்திரத்தை இழுத்துப் போட்டுப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார். கதவில் திரை தொங்கினால் தையல், திரை இல்லாவிட்டால் சாவி. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. அவர்களே ஒருவரையொருவர் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு மாத்திரை. சாவிக்காரர் முன்பு பூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். தொழிற்சாலை இருந்தவரை காப்பீடு இருந்தது, காப்பீடு இருந்தவரை நோய் ஒரு செலவாகத் தெரியவில்லை. ஒரு நாள் காலையில் வேலைக்குப் போனபோது தொழிற்சாலை வாசலிலேயே பூட்டுத் தொங்கியது. அதுவும் அவர் கையால் செய்த பூட்டு. திறக்கத் தெரிந்திருந்தும் திறக்க முடியாமல், கூட்டத்தோடு கூட்டமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தார். அதே மாதத்தில் தையல்காரம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பரிசோதித்துப் பார்த்தால் இவருக்கு இருக்கும் அதே இதயக் கோளாறு, அதே மாத்திரை, அதே அளவு. "இத்தனை வருஷம் ஒரே கட்டில்ல படுத்தா இதுவும் ஒட்டிக்கும் போல" என்றார் தையல்காரம்மா. தினமும் காலையில் ஒன்று என்று இருவர் சீட்டிலும் எழுதியிருந்தது. கையில் இருந்த காசுக்கு ஒருவருக்கான மாத்திரைதான் வாங்க முடிந்தது. அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசவில்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

மாத்திரை விழாத நாள் அவர்களுக்கு நாளாகவே விழவில்லை. சாவிக்காரர் திங்கட்கிழமை படுத்துப் புதன்கிழமை எழுந்தார். மனைவி செவ்வாய்க்கிழமை படுத்து வியாழக்கிழமை எழுந்தார். நடுவில் போன நாள் கனவாகக்கூட வரவில்லை. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. இல்லாத ஆள் எழுந்து தானாக மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ள முடியாது. ஆகையால் இருக்கிறவர் படுக்கப் போகும் முன் மறுநாளைக்கான மாத்திரையை அட்டையிலிருந்து எடுத்து, மற்றவருடைய தலையணையில் வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். வைத்தால் மற்றவர் காலையில் அங்கே இருப்பார். கண்ணைத் திறந்ததும் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நாளைத் தொடங்குவார். வைக்காமல் தானே விழுங்கிவிட்டால் கேட்க ஆள் இல்லை. அந்த வீட்டில் ஒரு நாள்கூட வைக்காமல் இருந்ததில்லை.

முதல் வருடத்தில் ஒரே ஒரு தடவை, கல்யாண நாள் என்று, இரண்டு தலையணையிலும் வைத்துப் பார்த்தார்கள். நாள் நன்றாகத்தான் போனது. ஆனால் மாதக் கடைசியில் ஒரு மாத்திரை குறைந்து, வீட்டில் யாருமே இல்லாத ஒரு நாள் வந்தது. அன்று பார்த்து வாடகை கேட்க வந்த வீட்டுச் சொந்தக்காரர், கூப்பிட்டுப் பார்த்து, உள்ளே எட்டிப் பார்த்து, குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள் என்று முடிவு கட்டி, வெளியே தன் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார். அவர்களுக்காகப் புது மாத அட்டை வாங்கி வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் கம்பி வழியாகக் குச்சியை நீட்டித் தலையணையில் மாத்திரையைத் தள்ளியிருக்காவிட்டால் கதை அன்றோடு முடிந்திருக்கும். சாவிக்காரர் எழுந்து, உள்ளே இருந்தபடியே வெளிப்பூட்டைக் கழற்றினார். அந்தப் பூட்டை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவைத்தார். அதற்குப் பிறகு இருவரும் அந்த ஆசையை விட்டுவிட்டார்கள்.

ஊரின் பெரிய மருத்துவமனையில், மாடிப்படிக்கு அடியில், மருந்துக்கடைக்கும் துணி வெளுக்கும் அறைக்கும் நடுவில் ஓர் அறை இருந்தது. முன்பு உடைந்த சக்கர நாற்காலிகளைப் போட்டுவைக்கும் இடம். காப்பீடு இல்லாதவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் மருந்துக் கம்பெனிகளே இலவசமாக மருந்து தரும் ஏற்பாடு உண்டு என்பதும், அதை மருத்துவமனை வழியாகத்தான் கேட்டு வாங்க வேண்டும் என்பதும், கேட்கத் தெரியாததால்தான் யாருக்கும் கிடைப்பதில்லை என்பதும் தெரியவந்த வருடத்தில், நிர்வாகம் நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு, பில் போடும் பிரிவிலிருந்த ஒரு பெண்மணியை உள்ளே உட்காரவைத்தது. "பில்லைப் போட்டுப் பாவம் சேர்த்தது போதும்னு இங்க தள்ளிட்டாங்க" என்பார் அவர். அவருக்கு வீட்டில் வைத்த பெயரை மருத்துவமனையில் யாரும் கேட்டதில்லை. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவர் மருந்தக்கா.

மருந்தக்காவின் வேலை நேரானது. வருகிறவரை உட்காரவைப்பார், தண்ணீர் கொடுப்பார், வருமானத்துக்கும் முகவரிக்கும் சான்று கேட்பார், இல்லையென்றால் எங்கே போய் வாங்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டுவார், மருத்துவரிடம் ஓடிக் கையெழுத்து வாங்குவார், கம்பெனிக்கு அனுப்புவார். சில வாரங்களில் பெட்டி வரும். வராவிட்டால் தொலைபேசியை எடுப்பார். கம்பெனியில் அந்தப் பக்கம் பேசுகிற ஆள், எந்த ஊரில் உட்கார்ந்திருந்தாரோ தெரியாது, மருந்தக்காவின் குரலைக் கேட்டதும் தானாகவே நோயாளியின் எண்ணைச் சொல்லத் தொடங்கிவிடுவார். "வருமாக்கா?" என்று யார் கேட்டாலும் அவருக்கு ஒரே பதில்தான். "வரும்." சொன்னபிறகு வராமல் இருந்ததில்லை, ஏனென்றால் வரும்வரை அவர் விடுவதில்லை.

அரைகுறையாக மருந்து சாப்பிட்டவர்கள் அரைகுறையாகத்தான் இருந்தார்கள் என்பது அந்த அறைக்குப் புதிதல்ல. பஸ் கண்டக்டர் ஒருவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டு வந்தார். மதியம் பன்னிரண்டுக்கு மேல் அவர் இருப்பதில்லை. ஓடுகிற பஸ்ஸில் விசிலும் பையும் இருக்கையில் கிடக்கும், பயணிகளே ஒருவருக்கொருவர் டிக்கெட் கிழித்துக்கொண்டு நாணயமாகச் சில்லறையைப் பையில் போடுவார்கள். ஓட்டலில் பாத்திரம் கழுவும் பெண் ஒருத்தி மாதத்தின் கடைசி வாரத்தில் இருக்கமாட்டாள். முதலாளி அந்த வாரச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்ள மட்டும் ஒருபோதும் மறந்ததில்லை. மருத்துவர்கள் இதை 'மருந்தை ஒழுங்காக எடுப்பதில்லை' என்று சீட்டில் எழுதினார்கள். மருந்தக்கா அவர்களுக்கெல்லாம் பெட்டி வரவழைத்தார். கண்டக்டருக்கு மாலை வேளை திரும்பக் கிடைத்தது. சூரியன் மறைவதைப் பார்த்துப் பல வருடம் ஆயிற்று என்று சொல்லி, முதல் நாள் டெப்போவிலேயே வண்டியை நிறுத்திவைத்து எல்லோரையும் இறங்கிப் பார்க்கச் சொன்னார்.

மருந்தக்காவிடம் ஒரு கண்டிப்பு இருந்தது. காலி அட்டையைக் கொண்டுவந்து கொடுக்காமல் புது அட்டை வாங்க முடியாது. இது கம்பெனி சொன்னதல்ல, அவரே வைத்துக்கொண்டது. சிலர் மருந்தைச் சேர்த்துவைப்பார்கள், சிலர் விற்பார்கள், சிலர் பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுப்பார்கள். காலி அட்டையைப் புரட்டினால் பாதி விஷயம் தெரிந்துவிடும் என்பார்.

மாத்திரையின் விலை ஏறி, ஒருவருக்கான அட்டையைக்கூட வாங்க முடியாமல் போன வருடத்தில்தான் சாவிக்காரர் அந்த அறைக்கு வந்தார். விண்ணப்பத்தில் வழக்கமான கேள்வி ஒன்று உண்டு. "வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க அண்ணே?" என்று மருந்தக்கா கேட்டார். சாவிக்காரர் யோசித்துவிட்டு, "ஒரு நேரத்துக்கு ஒருத்தர்தான்க்கா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அன்று வரிசை வெளி வராந்தா வரை நின்றது. மருந்தக்காவும், இவர் தனியாக இருக்கிறார் போலும் என்று நினைத்து, கட்டத்தில் ஒன்று என்று எழுதிவிட்டார். பெட்டி வந்தது. இரண்டு மாதம் கழித்து சாவிக்காரர் காலி அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

மருந்தக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். முதல் குழியின் வெள்ளித்தாள் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கிழிக்கப்பட்டிருந்தது. இரண்டாவது குழியில் கத்தரிக்கோல் முனையால் வரைந்தாற்போல ஒரு நேர் கீறல். மூன்றாவது நகம், நான்காவது கத்தரி. ஓர் அட்டையில் தொடங்கி எல்லா அட்டையிலும் அப்படியே மாறி மாறிப் போனது. அவர் சாவிக்காரரின் கையைப் பார்த்தார். பித்தளை உரசி உரசித் தடித்துப்போன நகம். "அண்ணே, நகம் உங்களோடது. இந்தக் கத்தரிக்கோல் யாரோடது?" சாவிக்காரர் மறைக்கவில்லை. ஏன் மறைக்க வேண்டும் என்பதே அவருக்குப் புரியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வீட்டுக்கு ஒரு ஆளுக்குத்தான் குடுப்பீங்கன்னு நெனச்சேன்க்கா" என்றார். மருந்தக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "யாருண்ணே அப்படிச் சொன்னது?" "யாரும் சொல்லல. குடுக்கறதே இலவசம். அதுல ரெண்டு கேட்டா நல்லாவா இருக்கும்?"

மறுநாள், அதாவது தையல்காரம்மாவின் நாளில், அவரை வரவழைத்து இதய மருத்துவரிடம் அனுப்பினார். அதற்கு மறுநாள் சாவிக்காரரையும் அனுப்பினார். மருத்துவர் இருவர் மார்பிலும் காது வைத்துக் கேட்டுவிட்டு, பிறந்த தேதியைவிட இரண்டு பேருடைய இதயத்துக்கும் வயது குறைவு என்று வியந்து, பாதி நாள்தானே ஓடியிருக்கிறது என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டாவது சீட்டை எழுதிக் கொடுத்தார். மருந்தக்கா வீட்டில் இரண்டு பேர் என்று திருத்திப் புது விண்ணப்பம் அனுப்பினார்.

அங்கேதான் சிக்கியது. போன தடவை ஒன்று என்றீர்கள், இப்போது இரண்டு என்கிறீர்கள், எதை நம்புவது என்று கம்பெனி கேட்டது. தொலைபேசிக்காரர் தன்னால் முடிந்தவரை வாதாடிவிட்டு, மேலே உள்ளவர்கள் சொன்னதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். கணவன் மனைவி இருவரும் ஒரே தாளில், ஒரே நாளில், மருத்துவமனைச் சாட்சியின் கண்முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை, ஏற்கெனவே வந்துகொண்டிருந்த ஒருவருக்கான மருந்தும் நிறுத்தப்படும்.

மருந்துக்கடைக்காரர், நல்ல மனிதர், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி யோசனை சொன்னார். "இதுல என்னக்கா இருக்கு. இன்னிக்கு அவர் போடட்டும், நாளைக்கு அந்தம்மா போடட்டும், ஒரே தேதிய எழுதிட்டு அனுப்புங்க. யாருக்குத் தெரியப்போகுது?" மருந்தக்கா தலையை ஆட்டினார். "இந்த அறையிலேர்ந்து போன எந்தத் தாள்லயும் பொய் இல்ல. அதனாலதான் நான் சொன்னா அந்தப் பக்கம் பெட்டிய எடுக்கறாங்க. ஏற்கெனவே தெரியாம ஒண்ணு எழுதி மாட்டிக்கிட்டேன். தெரிஞ்சு ஒண்ணு எழுதினா, வராந்தால நிக்கிற அத்தனை பேருக்கும் சேர்த்து நின்னுடும்." மருந்துக்கடைக்காரர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஆனால் தம் பொறுப்பில் ஓர் அட்டையைக் கடனாகக் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்க அவருக்கு அனுமதி இல்லை.

வழி என்னவோ எளிதுதான். இரண்டு தலையணையிலும் வைத்துவிட்டுப் படுத்தால் இருவரும் எழுந்து வந்து கையெழுத்துப் போடலாம். மருந்தக்கா இதைச் சாவிக்காரரின் நாளில் அவரிடமும், அம்மாவின் நாளில் அம்மாவிடமும் சொன்னார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "கையெழுத்துப் போட்டு, பெட்டி வராட்டி? அவரோட ஒரு நாள நான் தின்னதா ஆகும்" என்றார் தையல்காரம்மா. "அவ சம்மதிச்சா எனக்குச் சம்மதம்" என்றார் சாவிக்காரர். இதைக் கொண்டுபோய்ச் சொன்னால், "அவர் எப்பவும் இப்படித்தான், முடிவெடுக்கற இடத்துல என் பக்கம் கைய காட்டுவார்" என்றார் அம்மா. ஒரு கேள்விக்கு ஒரு நாள், ஒரு பதிலுக்கு ஒரு நாள் என்று பேச்சு நடந்தது. நடுவில் வேறு சங்கதிகளும் சேர்ந்துகொண்டன. "குழாயை இறுக்கி மூடச் சொல்லுங்க. ராத்திரி பூரா சொட்டி, நான் எழுந்திரிக்கும்போது வாளி நிரம்பி வழியுது." "நான் சரியாத்தான் மூடறேன்க்கா. அதுக்கு வாஷர் போயிருக்கு. வாங்கி வெக்கச் சொல்லி ரெண்டு வருஷமா வாளிமேல பழைய வாஷரை வெச்சிட்டு வர்றேன், அவ அத எடுத்துக் குப்பைல போடறா." மருந்தக்கா இரண்டு நாள் வாஷர் விஷயத்தைச் சுமந்தபிறகு, தானே ஒன்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார். மாத்திரையோ குறைந்துகொண்டே வந்தது.

இரண்டே இரண்டு மீதி இருந்த நாள் தையல்காரம்மாவின் நாளாக அமைந்தது. வேலை முடிந்து மருந்தக்கா நேராக அந்த வீட்டுக்குப் போனார். கதவில் திரை தொங்கியது. முன்னறையில் ஒரு பக்கம் சாவிகள் மாட்டிய பலகை, மறுபக்கம் நூல் கண்டுகள் அடுக்கிய பலகை. நடுவில் ஒரே நாற்காலி. ஒரே நேரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்த அடையாளம் அந்த வீட்டில் எங்கும் இல்லை. சமையலறையில் மூடிவைத்த தட்டு ஒன்று இருந்தது, நாளைக்கு அவருக்கு. உள்ளே கட்டிலில் இரண்டு தலையணை. தையல்காரம்மா அட்டையையும் கத்தரிக்கோலையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ண அவருக்கு வெச்சா நாளைக்கு அவர் இருப்பார்" என்றார் தையல்காரம்மா. "இன்னொண்ண அவர் எனக்கு வெப்பார், நாளான்னிக்கு நான் இருப்பேன். ரெண்டு நாள் வீட்ல ஆள் இருக்கும். ரெண்டையும் நாளைக்கே வெச்சா ஒரு நாளோட சரி."

"அதுக்கப்புறம் பெட்டி இருக்கும்."

"வரலேன்னா என்னம்மா செய்யறது? கதவுல அந்தப் பூட்டு தொங்கும். குச்சியால தள்ளவும் மாத்திரை இருக்காது."

மருந்தக்கா கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "கம்பெனிக்காரங்களோட கிடங்கு நம்ம ஊர்லயே இருக்கு, பெரிய பாலத்துக்கு அந்தப் பக்கம். தாள் போன உடனே அங்கேர்ந்து வண்டிய அனுப்பறேன்னு அந்தத் தம்பி சொல்லியிருக்கு. வரும்."

"வரலேன்னா?"

"வரலேன்னா நானே பெட்டியா வந்து இங்க உக்காந்துக்கறேன். வைங்க."

தையல்காரம்மா சிரித்துவிட்டார். "என்னப் பாத்தா அவருக்கு அடையாளம் தெரியுமான்னு ஒரு இது" என்று தையல் இயந்திரத்தைப் பார்த்துச் சொன்னார். மருந்தக்கா 'வரும்' என்று சொல்கிற அதே குரலில், "தெரியும்" என்றார். கத்தரிக்கோல் இரண்டு முறை நறுக்கென்றது. ஒரு மாத்திரை அவர் தலையணையில், ஒரு மாத்திரை தன் தலையணையில்.

மறுநாள் காலையில் சாவிக்காரர் கண் விழித்தபோது பக்கத்தில் ஓர் ஆள் படுத்திருப்பதைக் கண்டு முதலில் திருடன் என்று நினைத்தார். திருடன் போர்வையை முழுவதுமாகத் தன் பக்கம் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்த பிறகுதான் மனைவி என்று தெரிந்தது. இதைத் தையல்காரம்மாவே பிற்பாடு பலரிடம் சொன்னார். கிளம்பும்போது அவர் பூட்டுவார் என்று அம்மாவும், அம்மா பூட்டுவார் என்று அவரும் விட்டுவிட்டதால், ஊருக்கே சாவி செய்கிறவர் வீடு அன்று பகல் முழுவதும் திறந்தே கிடந்தது. ஒன்றும் திருட்டுப் போகவில்லை. வந்தவர்கள் எந்த நாள் என்று குழம்பி, பழுதான பூட்டுகளையும் தைக்க வேண்டிய துணிகளையும் ஒன்றாக உள்ளே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மாடிப்படிக்கு அடியிலுள்ள அறையில் அவர்கள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். சாவிக்காரர் பேனாவைப் பிடித்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூஞ்சியப் பாத்தது போதும், கையெழுத்தப் போடுங்க" என்றார் தையல்காரம்மா. போட்டார். மருந்தக்கா தன் கண்ணால் பார்த்து, சாட்சிக் கையெழுத்தைத் தன் கையால் போட்டு, தாளை உடனே அனுப்பிவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அந்தப் பக்கத்து ஆள் கிடங்குக்குச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். மருந்துக்கடை மூடுவதற்குள் வர வேண்டும். மூடிவிட்டால் அடுத்து இரண்டு நாள் விடுமுறை.

ஆறு வருடத்துக்குப் பிறகு கிடைத்த நாளை அவர்கள் மருத்துவமனை வராந்தாவின் மர பெஞ்சில் கழித்தார்கள். மருந்தக்காவின் ஜன்னல் அந்தப் பெஞ்சுக்கு நேராக இருந்ததால் அவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

"முடியெல்லாம் எங்க போச்சு?"

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போச்சு."

"சிரிப்பு மட்டும் போகல."

"நீ மெலிஞ்சுட்ட."

"நீங்க சமைச்சு வெக்கிறதத் தின்னா வேற எப்படி இருப்பேன்?"

"தட்டு தினமும் காலியாத்தானே இருந்துச்சு."

"பட்டினியா கெடக்க முடியும்?"

வண்டி வரவில்லை. மதியம் தாண்டியது. வெளிநோயாளிகள் பிரிவு காலியானது. தரை துடைக்கிறவர் வந்து இருவரையும் காலைத் தூக்கச் சொல்லி, பெஞ்சுக்கு அடியில் துடைத்துக்கொண்டு போனார். மருந்தக்கா இரண்டு முறை தொலைபேசி செய்தார். பாலத்தில் லாரி கவிழ்ந்து எல்லா வண்டியும் நிற்பதாகச் சொன்னார்கள். அவர் நேராக மருந்துக்கடைக்காரரிடம் போய், "இன்னிக்கு ஷட்டர நான் சொன்னப்புறம்தான் இறக்கணும்" என்றார். மருந்துக்கடைக்காரர் தம் மதிய உணவு டப்பாவை மறுபடி திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் தையல்காரம்மா பெஞ்சில். "ராத்திரி மாத்திரைய வெக்கும்போது என் தலையணையத் தட்டிச் சரி பண்ணி வெக்கிறீங்களே, எதுக்கு?"

"சுத்தமா இருக்கட்டும்னுதான்."

"நான் உங்களோடதத் தட்ட மாட்டேன். பள்ளம் கலையாம ஓரமா வெப்பேன். நீங்க தட்டி வெச்சா, முந்தாநாள் நான் அங்க இருந்தேனா இல்லையான்னே எனக்குத் தெரியமாட்டேங்குது."

சாவிக்காரர் தன் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனிமே தட்டல" என்றார்.

பெட்டி வந்தபோது மருந்துக்கடையில் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். வண்டிக்காரர் பாலத்திலிருந்து பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை. மருந்தக்கா அவரை உட்காரவைத்து முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு சாவிக்காரரைக் கூப்பிட்டார். அவர்கள் வாஷரைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் மூன்று முறை கூப்பிட வேண்டியிருந்தது.

பெட்டியில் ஒருவருக்கான மருந்துதான் இருந்தது. இரண்டாம் ஆளுக்கான பெட்டி பின்னால் வரும் என்று சீட்டு ஒட்டியிருந்தது. தையல்காரம்மாவின் கை உடனே அட்டையின் குழிகளைத் தடவிக் கணக்குப் போடத் தொடங்கியது. மருந்தக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பங்கு போடற வேலையெல்லாம் இனிமே கெடையாது. ரெண்டு பேரும் தினமும். தீர்றதுக்குள்ள அடுத்தது வரும்." தையல்காரம்மா இந்தத் தடவை வராட்டி என்று கேட்கவில்லை. அடுத்த பெட்டி, அட்டையில் இன்னும் ஒரு வரிசை மீதி இருக்கும்போதே வந்துவிட்டது.

அதன்பிறகு அந்த வீட்டில் தினமும் இரண்டு பேர் இருந்தார்கள். தெருவுக்குத்தான் கொஞ்ச காலம் சிரமமாக இருந்தது. திரையைப் பார்த்து நாளைத் தெரிந்துகொண்டவர்கள் திணறினார்கள். அன்று என்ன கிழமை என்பதே தெரியாமல் போனதாக ஒருவர் வீட்டுக்கே வந்து குறைப்பட்டுக்கொண்டார். முன்னறைக்கு இன்னொரு நாற்காலி வாங்கினார்கள். குழாய் சொட்டுவது நின்றது. சண்டைகள் ஒரு நாளும் காத்திராமல் அன்றன்றே நடந்து அன்றன்றே முடிந்தன. வீட்டுச் சொந்தக்காரரின் பழைய பூட்டைச் சாவிக்காரர் எண்ணெய் போட்டுத் துடைத்து, இரண்டு சாவி செய்து, வீட்டுக்கே போட்டுக்கொண்டார்.

வருடம் திரும்பியதும் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க இருவரும் வந்தார்கள். காலி அட்டைகளைத் தையல்காரம்மா மீதித் துணியில் தைத்த இரண்டு பைகளில், அவரவர் பெயர் போட்டுத் தனித்தனியாகக் கொண்டுவந்திருந்தார். மருந்தக்கா வழக்கம்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவிக்காரரின் பெயர் ஒட்டிய அட்டைகளில் ஒரு குழியிலும் நகம் படவில்லை. முதலிலிருந்து கடைசிவரை கத்தரிக்கோல் கீறல். தையல்காரம்மாவின் அட்டைகளில் எல்லாக் குழியும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கிழிக்கப்பட்டிருந்தன.

"அண்ணே, இப்பதான் ஆளுக்கு ஒரு அட்டை இருக்கே. அவங்கவங்களோடத அவங்கவங்களே எடுத்துப் போட்டுக்கலாமே."

"போட்டுக்கலாம்க்கா" என்றார் சாவிக்காரர். "ஆனா நானே எடுத்துப் போட்டா நான் இருப்பேனான்னு தெரியலியே. சோதிச்சுப் பாக்க இஷ்டமில்ல."

தையல்காரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தலையணையத் தட்டாம வெக்கறார், அது வரைக்கும் முன்னேற்றம்தான்" என்றார்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: நோயாளி மருந்தைத் தாமே எடுத்துக்கொள்கிறாரா, பிறர் கொடுக்கிறார்களா? அது நினைவு தப்பியவர்களுக்கும் படுக்கையில் கிடப்பவர்களுக்கும் உள்ள கேள்வி. மருந்தக்கா ஒரு தாளில் 'பிறர், மனைவி' என்றும், இன்னொரு தாளில் 'பிறர், கணவர்' என்றும் எழுதினார். மருத்துவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். வரிசையில் அடுத்ததாகப் புதிதாக வந்த வண்ணமடிப்பவர் ஒருவர் காத்திருந்தார். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறவர். மணி பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்ததால், மருந்தக்கா அவரைச் சீக்கிரமாக உள்ளே கூப்பிட்டார்.